திறந்த பாட்டிலும் பொது இடமும்: சட்டம் யார் கையைப் பிடிக்கிறது?

மும்பையில் மது அருந்துவது குற்றமா? தாராவியிலோ மாட்டுங்காவிலோ யாரிடம் கேட்டாலும், “கடை திறந்து வைத்து விற்கிறார்களே, அதெப்படிக் குற்றமாகும்?” என்றுதான் பதில் வரும். சட்டப் புத்தகம் சொல்லும் பதில் வேறு. மகாராஷ்டிரத்தில் இன்றும் அமலில் இருப்பது 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே. பெயரில் இருந்த ‘பம்பாய்’ போய் ‘மகாராஷ்டிரம்’ வந்திருக்கிறது. இடையில் எத்தனையோ திருத்தங்கள் நுழைந்திருக்கின்றன. ஆனால் அடிப்படை மாறவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் மதுவை வாங்குவதும், வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும், குடிப்பதும் அச்சட்டப்படி குற்றம். குடிக்கும் இடத்திற்கு மும்பையில் ‘பெர்மிட் ரூம்’ என்று பெயர் வந்ததே இதனால்தான். பெர்மிட் உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து குடிப்பதற்கான அறை என்பது அதன் பொருள். அங்கே நுழைகிறவரிடம் பெர்மிட்டை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் பெர்மிட், ஓராண்டு பெர்மிட், ஆயுள் பெர்மிட் என மூன்று வகை உண்டு. பீர், ஒயின் ஆகியவற்றுக்கு 21 வயதும், விஸ்கி, பிராந்தி, ரம் போன்றவற்றுக்கு 25 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். ஓட்டுப் போட 18 வயது போதும். விஸ்கிக்கு மட்டும் மேலும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. பெர்மிட் வாங்கி வைத்திருப்பவர்கூட அந்த உரிமையைத் தெருவிலே, பூங்காவிலே, கடற்கரையிலே பயன்படுத்த முடியாது. பொது இடத்தில் குடிப்பதற்கு அந்தச் சீட்டு அனுமதி தராது. பையிலே ஆயுள் பெர்மிட் இருந்தாலும், தாதர் சௌபாத்தி மணலில் உட்கார்ந்து பீர் பாட்டிலைத் திறந்தால் அது குற்றமே.

மூடி திறந்ததா, மூடியதா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டம் பார்ப்பது பாட்டிலின் மூடியை. சீல் உடையாத பாட்டில் என்றால் கேள்வி இல்லை. திறந்த பாட்டில் கையிலோ காரிலோ இருந்தால் குற்றம். நெடுஞ்சாலைகளில் இத்தகைய சட்டத்தை எல்லா மாநிலங்களும் இயற்ற வேண்டும் என்பதற்காக, இயற்றாத மாநிலங்களின் சாலை நிதியில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் ஏற்பாட்டை அங்கே மத்திய அரசு 1998ல் செய்தது. அதே நாட்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் பழைய பிரெஞ்சுப் பேட்டையில் பிளாஸ்டிக் கோப்பையில் மதுவை ஏந்திக்கொண்டு தாராளமாக வீதியில் நடக்கலாம். கண்ணாடிப் பாட்டில்தான் கூடாது.

நம் நாட்டுச் சட்டங்கள் வேறு வழியில் வளர்ந்தவை. இங்கே முதற்கேள்வி, யாரிடம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பது. மூடியின் நிலை பிறகுதான் வருகிறது. திறந்த பாட்டில் என்பது பெரும்பாலும் தனிக் குற்றமாகக் கருதப்படுவதில்லை. இங்கே குடித்தார் என்பதற்குப் போலீஸாரின் கையில் கிடைக்கும் சாட்சியாகவே அது பயன்படுகிறது. ஆகவே சீல் உடையாத பாட்டில் என்பதனாலேயே ஒருவர் தப்பிவிட முடியாது. கோவாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவரும் பாட்டில், மகாராஷ்டிர எல்லைக்குள் நுழைந்த கணத்தில், இந்த மாநிலத்தின் வரி செலுத்தப்படாத சரக்காக ஆகிவிடுகிறது. மூடி இறுக்கமாக இருப்பதைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

இந்த வேற்றுமைக்கெல்லாம் மூலம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மதுவின் உற்பத்தி, உடைமை, போக்குவரத்து, விற்பனை எல்லாம் மாநிலப் பட்டியலில் வருகின்றன. வரியும் மாநிலத்திற்கே. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று 47வது ஷரத்து வழிகாட்டுகிறது. ஒரு கை வரியை வாங்குகிறது, மறு கை மதுவிலக்கைச் சுட்டிக் காட்டுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் எந்தக் கை ஓங்குகிறதோ, அதற்கேற்பச் சட்டம் அமைகிறது.

மொரார்ஜி காலத்துச் சட்டம்

பம்பாயின் சட்டம் பிறந்த கதை இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள உதவும். மொரார்ஜி தேசாய் உள்துறையைக் கவனித்த காலத்தில் இது வந்தது. 1950ல் முழு மதுவிலக்கு அமலாயிற்று. உடனே வழக்குகளும் வந்தன. 1951ல் பால்சாரா வழக்கில், மாநிலத்திற்கு இப்படிச் சட்டம் செய்ய அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது; ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வாசனைத் திரவியங்களையும் தடுக்கும் பகுதிகள் செல்லாது என்றது.

அந்தச் சந்தில் நுழைந்து வந்தது பெசிகாகா வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் சாதாரண ஆள் அல்ல. பம்பாய் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி! 1951ல் கொலாபாவில் அவர் ஓட்டிய ஜீப் வழியில் போனவர்கள் மீது மோதியது. அவரிடம் மதுவாடை வீசியது. ஆல்கஹால் கலந்த டானிக் சாப்பிட்டேன் என்றார் அவர். டானிக் அல்ல, மதுதான் என்று காட்ட வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு என்று சொல்லி, மதுவிலக்குக் குற்றச்சாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட் அவரை விடுவித்தது. சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1959ல் சட்டம் திருத்தப்பட்டது. ரத்தத்தில் 0.05 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஆல்கஹால் இருந்தால், அது மருந்தினால் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் இனி பிடிபட்டவர் தலையில்.

நல்ல வக்கீல் வைத்து உச்ச மன்றம் வரை போகக் கூடியவர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். அவர் வெளியே வந்ததும் ஓட்டை அடைக்கப்படுகிறது. அடைத்த பிறகு அந்தச் சுவரில் முட்டிக்கொள்பவர்கள் வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள்.

1960ல் பம்பாய் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தபோது ஒரே சட்டம் இரு மாநிலங்களுக்கும் சொத்தாகக் கிடைத்தது. மகாராஷ்டிரம் அறுபதுகளில் பெர்மிட் முறையைத் தளர்த்தத் தொடங்கியது. குஜராத் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தளர்த்தும் வரையிலும், தளர்த்திய பிறகும்கூட, கள்ளச் சாராய வியாபாரம் பம்பாயில் கொடி கட்டிப் பறந்தது. பாந்த்ரா பக்கத்தில் ‘ஆன்ட்டி’ வீடுகள். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்தில் வரதராஜ முதலியாரின் ஆட்கள். அந்த வியாபாரத்தில் லாபம் கண்டவர்கள் சிலர். ஆனால் ‘சாராயக்காரன்’ என்ற பெயரைச் சுமந்தவர்களோ, மில்லுக்கும் தோல் பட்டறைக்கும் ஆபீசுக்கும் போய்வந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் அந்தப் பெயர் அவர்களுக்கு முன்னால் போய் நின்றது.

பொது இடம் எது?

தெரு பொது இடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சால் கட்டிடத்தின் பொது வராந்தா? மாடிப்படி? நிறுத்தி வைத்த கார்? லாரியின் முன்பகுதி? வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் கிளைக்கின்றன.

மகாராஷ்டிரச் சட்டத்தின் 85வது பிரிவு தெரு, பாதை, பொது இடம் என்று சொல்வதோடு நிற்கவில்லை. பொதுமக்கள் வந்துபோக வழியுள்ள எந்த இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே குடித்துத் தன்னிலை மறந்து கிடப்பதும், குடித்துக் கலாட்டா செய்வதும், பெர்மிட் இல்லாதவர் குடிபோதையில் காணப்படுவதும் குற்றம்.

2019ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு இந்த வட்டத்தை இன்னும் அகலமாக்கிவிட்டது. 2016ல் ஜார்க்கண்டிலிருந்து பாட்னாவுக்குச் சொந்தக் காரில் போய்க்கொண்டிருந்த சிலர் பீகார் எல்லையில், ரஜௌலி சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார்கள். காரில் பாட்டில் எதுவும் அகப்படவில்லை. ஆனால் மூச்சுச் சோதனையில் மது தெரிந்தது. தனியார் கார் பொது இடம் அல்லவே என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. கோர்ட் ஏற்கவில்லை. பொதுச் சாலையில் போகும் தனியார் வாகனத்தைப் பொதுமக்கள் அணுக வாய்ப்பு இருக்கிறது. உரிமையோடு ஏற முடியாது என்பதனால் அது பொது இடம் அல்ல என்றாகிவிடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு பீகார் சட்டத்தில் உள்ள சொற்களைப் பொருள்கொண்டது என்றாலும், சாலையோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

கேரளத்திலிருந்து வந்த தீர்ப்பு ஒன்று எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. காசர்கோடு மாவட்டத்தில் ஒரு கிராம உதவியாளரை 2013ல், ஒரு குற்றவாளியை அடையாளம் காட்ட வேண்டும் என்று மாலை ஏழு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். அடையாளம் காட்ட வந்தவர் மீதே, குடித்திருக்கிறார் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். எட்டு ஆண்டுகள் வழக்கு அவரைத் தொடர்ந்தது. 2021 நவம்பரில் கேரள ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. தனி இடத்தில், யாருக்கும் தொல்லை தராமல் குடிப்பது குற்றமாகாது. வெறும் வாடையை வைத்து ஒருவர் போதையில் தன்னிலை இழந்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் குமாஸ்தாவுக்கு ஒரு போலீஸ் வழக்கு என்றால் அபராதத்தோடு போகிற சங்கதியா? பதவி உயர்வும், சில சமயம் வேலையுமே தொங்கலில் நிற்கும்.

பிடிபடுவது யார்?

தெருவில் குடிப்பதைத் தடுக்கச் சட்டம் தேவையில்லை என்று சொல்வதற்கில்லை. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பெண்ணுக்குச் சந்து முனையில் குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் என்ன பயத்தைத் தரும் என்பதை அந்தச் சந்தில் குடியிருப்பவர்களே அறிவார்கள். கடற்கரை மணலில் உடைந்த கண்ணாடி குழந்தையின் காலைக் கிழிக்கிறது. கோவா அரசு 2019ல் சுற்றுலா இடங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, கடற்கரையில் குடிப்பதற்கும் பாட்டில் உடைப்பதற்கும் தனி ஆளுக்கு ரூ.2,000, கூட்டத்திற்கு ரூ.10,000 என அபராதம் வைத்தது. மதுவுக்குப் பேர்போன கோவாவே வைத்தது. நீலகிரியில் 2022 முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவால் வந்த ஏற்பாடு அது. போலீஸ்காரர் இல்லாமலே பாட்டில் தானாகத் திரும்பி வருகிறது.

மகாராஷ்டிரத்திலும் பெண்கள் கையில் ஓர் ஆயுதம் உண்டு. ‘உபி பாட்லி, ஆட்வி பாட்லி’ என்பார்கள். நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். ஒரு பகுதியில் பெண் வாக்காளர்களில் கால் பங்கினர் மனுக் கொடுத்து, பிறகு நடக்கும் ஓட்டெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் படுத்த பாட்டிலுக்கு ஓட்டுப் போட்டால் மதுக்கடையை மூட வேண்டும். தெருத் தொல்லைக்குக் கடையிலேயே வைத்தியம் பார்க்கிற வழி இது.

ஆனால் தெருவில் பிடிக்கும் சட்டத்திற்கு ஒரு சரிவு உண்டு. அது எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் முறை வைத்துத் தூங்குகிற தொழிலாளிக்கு வீடு என்பது தெருவும் சேர்ந்ததுதான். அவன் குளிப்பது, சமைப்பது, சீட்டாடுவது எல்லாம் வாசலில். குடிப்பதும் வாசலில் என்றால் அது பொது இடம். பெர்மிட் ரூமில் உட்கார்ந்தால் அதே குவார்ட்டருக்கு அதிக விலை. ஆகவே கடையில் வாங்கிச் சந்தில் நிற்கிறான். கிளப்பின் புல்வெளியில் குடிப்பவரிடமும் பெர்மிட் இல்லாதிருக்கலாம். அங்கே ரோந்து போகிறதில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் ஒரு நீதிபதி, திறந்த பாட்டில் வழக்குகளில் யார் யாருக்குச் சம்மன் போயிருக்கிறது என்று 2012ல் கணக்கெடுக்கச் சொன்னார். 85 சதவீதம் கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். வெள்ளையர் 4 சதவீதம். சில ஆண்டுகளில் அந்நகரம் இதைப் பெரும்பாலும் சிவில் அபராதமாக மாற்றிக்கொண்டது. இங்கே அப்படி ஒரு கணக்கை எந்த நீதிபதி கேட்டாலும் நல்லதே. மும்பையில் பிடிபடுபவர்களின் முகவரிகளை மட்டும் வரிசைப்படுத்தினால்கூடப் போதும்.

பீகாரின் அனுபவம் இதற்கு இன்னொரு சான்று. 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. வழக்குகள் குவிந்து, ஜாமீன் மனுக்களால் கோர்ட்டுகள் திணறின. முன்யோசனையில்லாத சட்டத்திற்கு உதாரணமாக இதை 2021 டிசம்பரில் தலைமை நீதிபதி ரமணாவே சுட்டிக் காட்டினார். 2022ல் சட்டம் இளகியது. முதல் முறை குடித்துப் பிடிபட்டவர் ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் சிறை. பணம் உள்ளவருக்கு அபராதம், இல்லாதவருக்குச் சிறை என்று அதைப் படித்தாலும் தவறில்லை.

ஊருக்குப் போகும் வழியில்

தாதரில் ரயில் ஏறிச் சென்னைக்கு வருகிறவர் வழியில் நான்கைந்து மாநிலங்களைக் கடக்கிறார். ரயிலுக்குள் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145வது பிரிவு எங்கும் ஒன்றே. பெட்டியிலோ பிளாட்பாரத்திலோ போதையில் இருந்தால் இறக்கிவிடலாம், டிக்கெட் பறிபோகும், ஆறு மாதம் வரை சிறையும் ரூ.500 வரை அபராதமும் உண்டு. டிக்கெட் இல்லாமல் நடுவழியில் மூட்டை முடிச்சோடு நிற்பதே பலருக்குப் பெரிய தண்டனை.

ஸ்டேஷனில் இறங்கினால் அந்தந்த மாநிலச் சட்டம். கர்நாடகத்தில் உரிமம் இல்லாத பொது இடத்தில் குடிப்பதை அங்குள்ள ஆயத்தீர்வைச் சட்டம் தடுக்கிறது. மகாராஷ்டிரத்துக்குள்ளேயே வார்தாவும் கட்சிரோலியும் மதுவிலக்கு மாவட்டங்கள். சந்திரபூரில் 2015ல் கொண்டுவந்து 2021ல் எடுத்துவிட்டார்கள். நாகபுரிக் கடையில் ரசீதோடு வாங்கிய பாட்டில், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வார்தாவில் குற்றப் பொருளாகிவிடும். டெல்லியில் மெட்ரோ நிர்வாகம் 2023 ஜூனில், சீல் உடையாத இரண்டு பாட்டில்களைப் பயணி எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்தது. ஆனால் ரயிலுக்குள்ளும் ஸ்டேஷனிலும் குடிக்கக் கூடாது. டெல்லி மெட்ரோ ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்திற்கும் ஓடுகிறது, அங்கே வேறு சட்டம் என்பதை அறிவித்த பிறகுதான் பலர் நினைத்துப் பார்த்தார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது குஜராத். 2017 திருத்தத்திற்குப் பிறகு மதுவைக் கடத்துவதற்கும் விற்பதற்கும் 10 ஆண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம். வாபி தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவருக்கு டாமன் கூப்பிடு தூரம். அங்கே கடை, இங்கே மதுவிலக்கு. நடுவே உள்ளது ஒரு சாலைதான். ஞாயிற்றுக்கிழமை டாமனுக்குப் போய்வருகிறவர் திரும்பும்போது பையில் ஒன்றும் இல்லாதிருப்பது உத்தமம். வயிற்றில் இருப்பதற்கே தனி வழக்கு உண்டு. அதே குஜராத்தில், காந்திநகரை அடுத்த ‘கிஃப்ட் சிட்டி’ நிதி நகரில் வேலை பார்ப்பவர்களுக்கும் அவர்களது விருந்தாளிகளுக்கும் 2023 டிசம்பரில் விலக்கு கொடுத்தார்கள். ஆலைத் தொழிலாளிக்குக் கிடையாது.

மாநிலச் சட்டங்கள் ஒருபுறம் இருக்க, நாடு முழுவதற்கும் பொதுவான தண்டனை ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்துவந்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 510வது பிரிவுப்படி, குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தருபவருக்கு 24 மணி நேரச் சிறை அல்லது பத்து ரூபாய் அபராதம். 1860ல் பத்து ரூபாய் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அந்தப் பத்து ரூபாய் மாறாமலே 160 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355வது பிரிவு அதை ரூ.1,000 வரை ஆக்கியிருக்கிறது. கூடவே, சிறைக்கும் அபராதத்துக்கும் மாற்றாகச் சமூக சேவை என்ற புதிய தண்டனையும் வந்திருக்கிறது. சமுதாயத்திற்குப் பயன்படும் ஒரு வேலையைக் கோர்ட் உத்தரவுப்படி செய்ய வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. எத்தனை நாள், என்ன வேலை என்பது மாஜிஸ்திரேட்டின் கையில். மாதச் சம்பளக்காரர் அதற்கு லீவு போட்டுவிட்டு வரலாம். நாக்காவில் நின்று அன்றன்றைக்கு வேலை பிடிக்கிறவருக்கு, அந்த நாட்களின் கூலி அபராதத்துக்கு மேலே ஏறிவிடும்.